அம்மாவின் காலுக்கு ஒரு வக்கீல்

“லோயர் வீட்டு வாசல் கூட்ட ஆள் வேணும்னா ஒன்னைக் கூப்புடுவாங்க. கேஸ் பேசவா கூப்புடப் போறாங்க?”

எங்கள் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணி இதைச் சொன்னது காலைப் பெரட்டில், வேலைக்குப் பேர் கொடுக்க வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும். சிலர் சிரித்தார்கள். கிராணி ஏதாவது சொன்னால் சிரித்து வைப்பது எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பாதி வேலை. நான் சிரிக்கவில்லை.

“கூட்டவும் தெரியும், பேசவும் தெரியும் ஐயா,” என்றேன்.

அதற்கும் சிலர் சிரித்தார்கள், வாயைப் பொத்திக்கொண்டு.

“ஓகோ! லோயர் பூரோக் வந்தாச்சுலா,” என்றார் கிராணி. சட்டம் படிக்காமல் சட்டம் பேசுகிறவர்களை மலாய்க்காரர்கள் அப்படித்தான் கேலி செய்வார்கள். அன்று முதல் லயத்தில் எனக்கு அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. தண்ணீர்க் குழாயடியில் பெண்கள், “லோயரம்மாவுக்கு வழி விடுங்கடி,” என்று நகர்ந்து நிற்பார்கள். நான் குடத்தை வைத்து நிரப்பிக்கொண்டு தலை நிமிர்ந்து வருவேன். சும்மா கிடைத்த பட்டம்தானே, போகட்டும் என்று இருந்தேன்.

எங்கள் ரப்பர் தோட்டம் மலாயாவின் கெடா மாநிலத்தில், சுங்கை லாலாங்குக்கும் பீடோங்குக்கும் நடுவில் இருந்தது. அம்மா பால் மரம் வெட்டினாள். அப்பா காட்டு வேலை, புல் வெட்டுவார். இரண்டு பேர் வழியிலும் எனக்கு முன்னால் ஒருவரும் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. தோட்டத்துப் பள்ளியில் நாலாவது முடித்ததும், கன்னியாஸ்திரீகள் நடத்திய பட்டணத்துப் பள்ளியில் எனக்கு இலவசமாக இடம் கிடைத்தது. அங்கேயே தங்கி இங்கிலீஷ் படித்தேன், மலாய் பழகினேன். கையெழுத்துக்கு இரண்டு முறை பரிசு வாங்கினேன். ஏழாவது முடிப்பதற்குள் ஜப்பான்காரன் வந்துவிட்டான். பள்ளியை மூடினார்கள். ஒரு தகரப் பெட்டி நிறைய நோட்டுப் புத்தகங்களோடு லயத்துக்குத் திரும்பினேன்.

ஜப்பான்காரன் வந்ததும் மாற்றியவற்றில் ஒன்று கடிகாரம். தோக்கியோவில் என்ன மணியோ அதுதான் கெடாவிலும் மணி என்று உத்தரவு வந்தது. கடிகாரங்களை எல்லாம் ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார்கள். பழைய மணி ஐந்தரை என்றால் தோக்கியோ மணி ஏழு. ஆபீஸ், ஸ்டேஷன், ஆஸ்பத்திரி எல்லாம் தோக்கியோ மணியில் ஓடின. சனங்களின் வாய் மட்டும் பழைய மணியை விடவில்லை. பேச்சில் “ஏழு மணி” என்று வந்தால், “எந்த ஏழு?” என்று கேட்டுக்கொள்வது பழக்கமாகிவிட்டது. பெரட்டு முடிந்து வெட்டுக்காரர்கள் தங்கள் மர வரிசையான நிரைக்குப் புறப்படும்போது, புது மணிப்படி ஏழு ஆகியிருக்கும். வானம் இருட்டிக் கிடக்கும். மண்ணெண்ணெய் இல்லாத காலம். மரத்தில் உறைந்து ஒட்டிய ஒட்டுப்பாலை உருட்டிக் குச்சியில் செருகிக் கொளுத்திப் பந்தமாகப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள்.

அப்படி ஒரு பந்தத்தைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரமாக நடந்த அம்மாவைத்தான் கார் அடித்தது.

பீடோங்கில் ஒரு விறகுக் குத்தகைக்காரர் இருந்தார். ரயிலுக்கு விறகும் கரியும் கொடுத்ததால் அவருடைய காரை ஜப்பான்காரன் பிடுங்கவில்லை. பெட்ரோல் ஏது? காரின் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு கரி அடுப்பைக் கட்டி, அதன் புகையில் ஓட்டினார். பேட்டரி செத்துப்போய் பல மாதம் ஆகியிருந்தது. முன் விளக்கு இரண்டும் குருட்டுக் கண். கரியை மிச்சம் பிடிக்க, இறக்கம் வந்தால் இன்ஜினை அடக்கிவிட்டுக் காரை உருள விடுவார். தோட்டத்து ரோட்டில் ஒரு நீண்ட இறக்கம் இருக்கிறது. வெளிச்சமும் இல்லாமல், சத்தமும் இல்லாமல் வந்த கார் அம்மாவின் வலது காலை முழங்காலுக்குக் கீழே ஒடித்துவிட்டு, சற்றுத் தள்ளிப் போய் நின்றது.

குத்தகைக்காரர் இறங்கி வந்து பார்த்தார். அம்மாவைக் காரில் ஏற்றவில்லை. வண்டி பெர்மிட் வைத்திருப்பவர் விபத்தை உடனே ஸ்டேஷனில் சொல்லாவிட்டால் பெர்மிட் போய்விடும். அதனால் நேரே பீடோங் ஸ்டேஷனுக்குப் போய்விட்டார். அம்மாவை வெட்டுக்காரர்கள்தான் ஒரு கதவுப் பலகையில் கிடத்தித் தோட்டத்து மருந்துக்கடைக்குத் தூக்கி வந்தார்கள். அங்கிருந்த டிரசர் மூங்கில் வைத்துக் கட்டினார். உருகிய ஒட்டுப்பால் அம்மாவின் மணிக்கட்டில் ஒட்டிச் சதையோடு வெந்திருந்தது. அதற்கும் மருந்து போட்டார்.

மூன்று வாரம் கழித்துக் கட்டைப் பிரித்தபோது கால் கோணலாக ஒட்டியிருந்தது.

“இப்படியே விட்டா ஒங்கம்மா காட்டுல நடக்கவே முடியாது,” என்றார் டிரசர். “பட்டணத்து பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். மறுபடி ஒடைச்சுக் கட்டணும். மாசக்கணக்கா படுக்கணும், நல்லாச் சாப்புடணும்.”

வேலைக்கு வராதவளுக்குத் தோட்டம் அரிசி கொடுக்காது. மரவள்ளிக்கிழங்கை மட்டும் தின்று எலும்பு எப்படிக் கூடும்? குத்தகைக்காரர் பொறுப்பேற்றால் அம்மா நடப்பாள். ஏற்காவிட்டால் அந்த மூங்கில் பாயோடு அவள் கதை முடிந்தது. அம்மாவுக்கு அப்போது முப்பத்தாறு வயதுதான்.

இந்த நிலையில்தான் ஒரு நாள் மத்தியானம் அப்பா நீலக் கட்டைவிரலோடு வீட்டுக்கு வந்தார்.

“என்னப்பா அது மை?”

“கிராணி ஆபீசுல ரேகை வச்சேன் தாயி. அரிசிக் கடுதாசியாம்.”

“என்ன எழுதியிருந்துச்சு?”

“அவருதான் வாசிச்சாரு. நல்லாத்தான் இருந்துச்சு.”

லயத்துச் சனங்கள் அப்படித்தான். கிராணி மைப்பெட்டியைத் திறந்தால் விரல் தானாகப் போய்விடும். துணிக்கு ரேகை, அரிசிக்கு ரேகை, மருந்துக்கு ரேகை. என்ன காகிதம் என்று கேட்டால் கிராணியை நம்பவில்லை என்று ஆகிவிடுமே என்ற மரியாதை. நான் உடனே ஆபீசுக்கு ஓடினேன். கிராணி காகிதத்தைக் கையில் கொடுக்கவில்லை. தூரத்தில் வைத்துக் காட்டினார். நான் தூரத்திலிருந்தே இங்கிலீஷில் இருந்த கடைசி வரிகளை வாசித்துவிட்டேன். ‘விபத்துக்கு என் மனைவியின் கவனக்குறைவே காரணம், குத்தகைக்காரர் மீது எங்களுக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை.’ கீழே அப்பாவின் ரேகை, பூரான் மாதிரி.

“நான் லோயரைப் பாப்பேன்,” என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் காலைப் பெரட்டில்தான் கிராணி வாசல் கூட்டும் கதையைச் சொன்னார்.

அப்பா பயந்துபோனார். “காரு வச்சிருக்கறவன், ஜப்பான்காரனோட பழகறவன். அவன் மேல கேஸா? நம்மள என்னன்னு நெனைப்பாங்க?”

அம்மா பாயில் படுத்தபடியே முகத்தைத் திருப்பினாள். “எனக்கு நடக்கணும் புள்ள. யாரைப் புடிச்சாவது புடி,” என்றாள்.

நான் படித்த பட்டணமான சுங்கை பட்டாணிக்கு நடந்தேன். வழியில் பாலத்தில் நின்ற ஜப்பான் சிப்பாய்க்கு இடுப்புவரை குனிந்து கும்பிட்டேன். குனியாவிட்டால் கன்னத்தில் விழும். நடந்துகொண்டே வக்கீலிடம் கேட்க வேண்டியதை யோசித்து, ஒரு மரத்தடியில் உட்கார்ந்து ஐந்து கேள்வியாக எழுதிக்கொண்டேன். துணி எடுக்கப் போனால் கூட உதறிப் பார்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தானே எடுக்கிறோம். அம்மாவின் காலை ஒருவர் கையில் கொடுக்கப் போகிறேன், கேட்காமல் கொடுப்பேனா?

கோர்ட்டு வராந்தாவில் கோட்டுப் போட்ட ஒருவர் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

“லோயர்தானே? நான் முடிச்சுத் தர்றேன் தங்கச்சி. வீட்டுல தாலி இருக்குல்ல? கழட்டிக் கொண்டா.”

“நீங்க லோயரா?”

“லோயருக்கு மேல.”

“மேல இருக்கறவங்க வேணாம்ணே. லோயரே போதும்,” என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

மாதா கோயிலுக்குப் பின் தெருவில் ஒரு தமிழ் வக்கீல் இருப்பது பள்ளி நாட்களிலேயே எனக்குத் தெரியும். கேட்டைத் திறந்து போனேன். வாசல் முழுக்க மரவள்ளிச் செடி. அரைக்கால் சட்டையும் பனியனுமாக, ஐம்பது வயதுக்காரர் ஒருவர் மண்ணைக் கொத்திக்கொண்டிருந்தார். வக்கீலின் பெயர்ப்பலகை கோழிக்கூட்டுக்குக் கதவாகச் சாத்தியிருந்தது.

“வக்கீல் ஐயா இருக்காங்களா?”

அவர் நிமிர்ந்தார். “ஒரு காலத்துல இருந்தான். இப்ப கெழங்கு நடறான். என்னம்மா வேணும்?”

நடந்ததைச் சொன்னேன். மண்வெட்டியின் மேல் இரண்டு கையையும் வைத்துக் கேட்டார். சொல்லி முடித்ததும் காகிதத்தை எடுத்தேன்.

“நான் சில கேள்வி கேக்கணும் ஐயா.”

“நீ என்னைக் கேக்கணுமா?”

“ஆமா. மோட்டார் கேஸ் பேசியிருக்கீங்களா?”

“பேசியிருக்கேன்.”

“எத்தனை ஜெயிச்சீங்க?”

“தோத்ததைக் கேக்க மாட்டியா?”

“அது அடுத்த கேள்வி.”

அவர் சிரித்த சிரிப்பில் கோழிகள் கூட்டுக்குள் படபடத்தன. பிறகு சிரிக்காமல் பதில் சொன்னார். ஆறு கேஸ் பேசியதாகவும், நாலில் ஜெயித்ததாகவும், இரண்டில் தோற்றதாகவும், தோற்ற இரண்டில் ஒன்று தன் அசட்டையால் என்றும் சொன்னார். அந்தக் கடைசிப் பதில்தான் எனக்கு அவரைப் பிடிக்கச் செய்தது.

“கோர்ட்டுக்கு நீங்களே வருவீங்களா, ஆள் அனுப்புவீங்களா?”

“அனுப்ப ஆளே இல்லையேம்மா. குமாஸ்தா யுத்தத்துக்கு முன்னாடியே இந்தியாவுக்குக் கப்பல் ஏறிட்டான். ரெண்டு அலமாரி காகிதம், நகல் எடுக்க ஒரு கை கெடையாது. டைப்ரைட்டருக்கு ரிப்பன் கெடையாது.”

கடைசிக் கேள்வி கூலியைப் பற்றியது. அதைக் கேட்கவே தேவை இல்லாமல் அவரே வழி காட்டிவிட்டார். “ஒரு காகிதம் குடுங்க,” என்றேன். வராந்தா மேசையில் உட்கார்ந்து, கையில் கிடைத்த பழைய மனு ஒன்றிலிருந்து பத்து வரியை இங்கிலீஷில் நகல் எடுத்து நீட்டினேன். அவர் மண் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார்.

“இது கன்னியாஸ்திரீகள் கையெழுத்து.”

“இல்ல ஐயா, என் கையெழுத்து. வாரத்துக்கு ரெண்டு நாள் வந்து ஒங்க நகல் எல்லாம் எழுதித் தர்றேன், அம்மா கேஸ் முடியற வரைக்கும். அதுதான் ஒங்களுக்குக் கூலி. ஜெயிச்சாலும் தோத்தாலும் அதுக்கு மேல ஒண்ணும் கெடையாது.”

“சரி, ஒத்துக்கறேன்.”

“எழுதிக்குவோம்.”

“என்னை நம்பலையா?”

“வாசிக்காத காகிதத்துல எங்கப்பா ரேகை வச்சதாலதான் நான் இங்க வந்து நிக்கறேன். வாயால பேசினத நான் இனிமே பேச்சுன்னே எடுத்துக்க மாட்டேன்.”

ஒப்பந்தத்தை நானே எழுதினேன். அவர் படித்துக் கையெழுத்துப் போட்டார். நான் இரண்டு முறை படித்துவிட்டுப் போட்டேன். எங்கள் வம்சத்தில் ஒரு காகிதத்தின் அடியில் ரேகைக்குப் பதிலாகக் கையெழுத்து விழுந்தது அன்றைக்குத்தான். திரும்பி நடந்த வழியெல்லாம் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பாலத்துச் சிப்பாய்க்கு அன்று குனிந்தபோது கூட உள்ளே நிமிர்ந்துதான் இருந்தேன்.

வக்கீல் குத்தகைக்காரருக்கு நோட்டீஸ் அனுப்பினார். பதில் வராததால் வழக்குப் போட்டார். குத்தகைக்காரர் தன் பக்கத்துக்கு அப்பா ரேகை வைத்த காகிதத்தைக் கோர்ட்டில் கொடுத்தார். அதைக் கேட்டதும் நகல் எழுதுவதை நிறுத்திப் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

வக்கீல் கிழங்கை உரித்துக்கொண்டே சொன்னார்: “இதுக்கா கலங்கறே? ஒடைஞ்சது ஒங்கம்மா கால். ரேகை வச்சது ஒங்கப்பா. பொண்டாட்டி காலை விட்டுக்கொடுக்கப் புருசனுக்கு எந்தச் சட்டத்துலயும் எடமில்ல. ஆனா அம்மாதான் குறுக்க பாஞ்சாங்கன்னு அவர் சத்தியம் பண்ணினா, அத ஒடைக்கணும். அதுதான் கஷ்டம். பாத்த சாட்சி யாரும் வர மாட்டாங்க.”

அது உண்மை. அம்மாவைப் பலகையில் தூக்கி வந்த நாலு பேரும், “கிராணி கோவிச்சுக்குவாரு தாயி,” என்று ஒதுங்கிவிட்டார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் வீட்டிலும் அரிசி கிராணி கையால்தான் வந்தது.

அந்த வாரம் நகல் எடுக்க எனக்கு இரண்டு காகிதங்கள் கிடைத்தன. ஒன்று பீடோங் ஸ்டேஷன் டைரியின் நகல். வக்கீல் கேட்டு வாங்கியிருந்தார். ‘காலை மணி ஏழரை. குத்தகைக்காரர் நேரில் வந்து, சற்று முன் தோட்டத்து ரோட்டில் தன் கார் ஒரு பெண் மீது மோதியதாகத் தெரிவித்தார்.’ இரண்டாவது கிராணி எழுதி அப்பா ரேகை வைத்த காகிதம். அன்று தூரத்திலிருந்து நான் வாசித்தது கடைசி வரிகளை மட்டும்தான்; அவற்றுக்கு மேலே இங்கிலீஷில் இன்னும் இருந்தது. ‘காலை ஏழு மணி. சூரியன் நன்றாக ஏறியிருந்தது. பகல் வெளிச்சத்தில் அந்தப் பெண் திடீரென்று ரோட்டின் குறுக்கே ஓடினாள்.’

முதல் முறை எழுதும்போது கை மட்டும் எழுதியது. இரண்டாவது பிரதி எடுக்கும்போது கை நின்றுவிட்டது. ஏழு மணி, சூரியன். எந்த ஏழு?

இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். விரல் விட்டு எண்ணினேன். மறுபடி எண்ணினேன். நாற்காலியைத் தள்ளிவிட்டு வாசலுக்கு ஓடினேன்.

“ஐயா, விபத்து நடக்கறதுக்கு முன்னாடியே அவரு ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்லியிருக்காரு!”

“என்னம்மா ஒளர்றே?”

“ஸ்டேஷன் கடிகாரம் தோக்கியோ மணி. அதுல அவரு ஏழரைக்கு வந்தாரு. சூரியன் ஏறின ஏழு மணின்னா அது பழைய மணி ஏழு. தோக்கியோ மணி எட்டரை. அப்ப, எட்டரைக்கு அடிக்கப் போற காரை ஏழரைக்கே சொல்லிட்டாரா?”

வக்கீல் கத்தியையும் கிழங்கையும் கீழே வைத்தார். உள்ளே வந்து இரண்டு காகிதத்தையும் நின்றபடியே படித்தார். பிறகு என் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

“இத நான் மூணு தடவை படிச்சேன்,” என்றார். “மூணு தடவை.”

“நான் ரெண்டாவது தடவையில பாத்துட்டேன்,” என்றேன். அடக்கமாகச் சொல்லியிருக்கலாம். அப்போது எனக்கு அடக்கம் வரவில்லை. இப்போதும் வரவில்லை.

வழக்கு நாளன்று அம்மாவை மாட்டு வண்டியில் வைக்கோல் போட்டுக் கொண்டு வந்தோம். அப்பா இரவல் சட்டை போட்டிருந்தார். மேலே மலாய் மாஜிஸ்திரேட் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தமிழை மலாயாக்கிச் சொல்ல ஒருவர். குத்தகைக்காரர் வக்கீல் வைக்கவில்லை. தோட்டத்துப் பொம்பளைக்கு எதிராக அதெல்லாம் எதற்கு என்று நினைத்திருக்க வேண்டும். துணைக்குக் கிராணியை அழைத்து வந்திருந்தார். கிராணி என்னைப் பார்த்து, “கூட்டற வேலை கெடைச்சுதா?” என்று மெதுவாகக் கேட்டார். நான் கட்டி வைத்திருந்த காகிதங்களை வக்கீலின் மேசையில் வைத்துவிட்டு, அவருக்குப் பின்னால் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். அதுவே பதில்.

எங்கள் வக்கீல் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். கோட்டில் பூச்சி அரித்த ஓட்டைகள் இருந்தன; குரலில் இல்லை.

“அன்னிக்கு வெளிச்சம் எப்படி இருந்துச்சு?”

“ரோட்டுல கெடந்த ஊசிகூடத் தெரியும் ஐயா,” என்றார் குத்தகைக்காரர்.

“அப்ப காருக்கு விளக்கு வேணாம்.”

“பட்டப்பகல்ல எவன் விளக்கு போடுவான்?”

“மணி ஏழுன்னு எழுதியிருக்கு. எந்த ஏழு?”

குத்தகைக்காரர் கிராணியைப் பார்த்தார். கிராணி கூரையைப் பார்த்தார்.

“பழைய ஏழு ஐயா. சூரியன் வந்த ஏழு.”

“அப்ப தோக்கியோ மணி எட்டரை. நீங்க ஸ்டேஷனுக்கு வந்து சொன்னது ஏழரைன்னு போலீசு எழுதி வச்சிருக்கு. இன்னும் ஒரு மணி நேரத்துல ஒரு பொம்பளை மேல மோதப் போறேன்னு சொல்லிட்டுப் போனீங்களா?”

முதலில் தமிழ் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். மலாயில் சொன்னதும் மற்றவர்கள் சிரித்தார்கள். மாஜிஸ்திரேட் தலையைக் குனிந்து ஏதோ எழுதுவதுபோல இருந்தார், பேனா நகரவில்லை.

“இல்ல ஐயா, தப்பாச் சொல்லிட்டேன். தோக்கியோ மணிதான்! சர்க்கார் மணிதான்!” என்றார் குத்தகைக்காரர். பழைய மணியைச் சொன்னதற்கே பிடித்துவிடுவார்களோ என்ற பயமும் அந்தக் குரலில் இருந்தது.

“நல்லது. தோக்கியோ ஏழு மணிக்கு ஊசி தெரிஞ்சுதா?”

அவர் மறுபடி கிராணியைப் பார்த்தார். மாஜிஸ்திரேட் கிராணியை எழுப்பினார். சூரியனை யார் எழுதியது?

“நான்தான் துவான்,” என்றார் கிராணி. அவருடைய மலாய் தடுமாறியது. “ஏழு மணின்னு அவரு சொன்னாரு. ஏழு மணிக்கு வெயில் வந்துரும்தானே? முப்பது வருசமா வந்துச்சே!”

ஆபீஸ் கடிகாரத்தின் முள்ளைத் தன் கையாலேயே தள்ளி வைத்தவர் அவர். பேனாவை எடுத்தபோது மட்டும் பழைய ஏழு மணி வந்து குந்திக்கொண்டது. பொய்க்கு அழகு சேர்க்க அவர் சேர்த்த சூரியன்தான் அவர்களைக் காட்டிக்கொடுத்தது.

கடைசியாக அம்மாவைக் கேட்டார்கள். அவள் பெஞ்சில் காலை நீட்டியபடியே வெந்து ஆறிய மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினாள்.

“ஒட்டுப்பால் பந்தம் சுட்டது ஐயா. பகல்ல பந்தம் புடிச்சிக்கிட்டுப் போக எனக்கென்ன கிறுக்கா?”

தீர்ப்பு அன்று மத்தியானமே வந்தது. விளக்கில்லாத காரை இருட்டில் உருள விட்டவர் மேல்தான் முழுக் குற்றம். ஆஸ்பத்திரிச் செலவும், அம்மா மறுபடி மரம் வெட்டப் போகும் நாள்வரை அவளைக் காப்பாற்றுவதும் குத்தகைக்காரர் பொறுப்பு. ஜப்பான்காரன் அடித்த வாழைமர நோட்டாக வேண்டாம், அரிசியாகக் கேளுங்கள் என்று நான் முன்னாலேயே வக்கீலிடம் சொல்லி வைத்திருந்தேன். அந்த நோட்டை வைத்துக்கொண்டு சந்தையில் கத்தரிக்காய் வாங்குவதே பாடாக இருந்தது. குத்தகைக்காரருக்கு யான் என்ற ஊரில் நெல் வயல் இருப்பது ஊருக்கே தெரியும். மாதாமாதம் அரிசி தருவதாக அவர் கோர்ட்டிலேயே எழுதிக் கொடுத்தார். அந்தக் காகிதத்தை அம்மாவுக்கு நான் தமிழில் வாசித்துக் காட்டினேன். அவள் முழுவதும் கேட்டு, ஒரு இடத்தில் நிறுத்தி, “எந்தக் கெழமை தருவான், போடு,” என்று சொல்லி, அதையும் எழுதிய பிறகே ரேகை வைத்தாள்.

இரண்டு நாள் கழித்துக் குத்தகைக்காரரின் கார் எங்கள் லயத்து வாசலில் வந்து நின்றது. அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக அவரே ஓட்டி வந்திருந்தார். முதல் அரிசி மூட்டையை அவரே இறக்கி வைத்தார். தண்ணீர்க் குழாயடி முழுவதும் வேலையை விட்டு வேடிக்கை பார்த்தது. பின் சீட்டில் அடுப்புச் சூடு என்று அம்மாவை முன் சீட்டில் உட்கார வைத்தோம். அவள் கதவைத் தடவிப் பார்த்தாள்.

“இது எனக்குப் பழகின காருதான். பைய ஓட்டுங்க அண்ணே,” என்றாள்.

அன்றைக்கு அந்த இறக்கத்தில் குத்தகைக்காரர் இன்ஜினை அடக்கவில்லை.

காலை மறுபடி உடைத்து நேராகக் கட்டினார்கள். யான் அரிசிச் சோறும் மெர்போக் ஆற்று மீனும் தின்று எலும்பு கூடியது. ஐந்தாவது மாதம் அம்மா தன் நிரைக்கு நடந்து போனாள். கொஞ்சம் சாய்ந்த நடைதான். ஆனால் முன்னைவிட வேகம். நான் அவளுக்குப் பின்னால் மரத்துக்கு மரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். முதல் மரத்தில் கத்தி வைத்துப் பால் இறங்கியதும் திரும்பி, “என்ன முழிக்கறே, வீட்டுக்குப் போய் ஒலை வையி,” என்றாள்.

அதன் பிறகு லயத்தில் ஒன்று நடந்தது. கிராணி துணிக்காக மைப்பெட்டியைத் திறந்தபோது, அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். “எம் மவ ஒரு தடவ பாக்கட்டும் ஐயா,” என்றார். அவர் அப்படிப் பேசி நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. அவருக்கு அடுத்து நின்றவரும் கையைக் கட்டிக்கொண்டார். அன்று மாலைக்குள் எங்கள் வீட்டு வாசலில் பதினைந்து காகிதம் சேர்ந்துவிட்டது. பழைய ரேகைக் காகிதங்கள், ஆஸ்பத்திரிச் சீட்டுகள், பிரிக்காமலே வைத்திருந்த கடிதங்கள். வாசித்துச் சொன்னேன். தேவைப்பட்டவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்தேன். மெர்போக்கிலிருந்து கூட ஒரு பெண் கைக்குழந்தையோடு நடந்து வந்தாள். லோயர் பூரோக் என்று இப்போதும் கூப்பிட்டார்கள். கூப்பிட்ட கையோடு உட்கார மணை எடுத்துப் போட்டார்கள்.

கிராணி சும்மா இருப்பாரா? உரிமம் இல்லாத பெண் ஒருத்தி தோட்டத்தில் மனு எழுதுகிறாள் என்று கோர்ட்டுக்குப் புகார் அனுப்பினார்.

வக்கீல் என்னைக் கூப்பிட்டனுப்பினார். கேஸ் முடிந்ததால் எங்கள் ஒப்பந்தமும் முடிந்திருந்தது. இருந்தும் என் மேசையை அவர் எடுக்காமல் வைத்திருந்தார்.

“புகார் சரியாத்தாம்மா இருக்கு,” என்றார். “மனு எழுத லைசென்ஸ் வேணும். நீ கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வை.”

“எதுக்கு நிறுத்தணும்? லைசென்ஸ் வாங்கிட்டா?”

“இந்த ஜில்லாவுல பொம்பளைக்குக் குடுத்ததில்லையேம்மா.”

“கேட்ட பொம்பளைக்கு இல்லன்னு சொன்னாங்களா?”

“கேட்டதா எனக்குத் தெரியல.”

“நேத்து கேட்டாச்சு ஐயா.”

என் கையாலேயே எழுதிய விண்ணப்பத்தை முந்தின நாள் காலை கோர்ட்டு ஜன்னலில் நீட்டியிருந்தேன். குமாஸ்தா என்னையும் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, குறை கண்டுபிடிக்க முடியாமல் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார். பையைத் திறந்து, அவர் கொடுத்த ரசீதை எடுத்து வக்கீலின் மேசைமேல் வைத்தேன்.